பிறர் இடித்த வண்டி



மோட்டார் கார் என்பது செல்வர் வீட்டு வாசலில் மட்டும் நின்ற காலம் ஒன்று உண்டு. இன்று தவணைக் கடனிலேனும் ஒரு சிறிய காரை வாங்கிவிடுகிற நடுத்தரக் குடும்பங்கள் நம்மிடையே பல. அந்தக் காரை வேறொருவர் இடித்துவிட்டால் செலவை யார் ஏற்பது, எவ்வழியில் கேட்டுப் பெறுவது என்பதை, இடிபடும் நாள் வரையில் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதைக் குறித்தே இன்று சில சொற்கள்.

தில்லியில் ஒரு நாற்சந்தியில் சிவப்பு விளக்குக்காக நிற்கிறோம். பின்னால் வந்தவர் நம் வண்டியில் மோதிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அரை நிமிடத்தில் கூட்டம் கூடிவிடும். கூடியவர்களில் பாதிப் பேர் நீதிபதிகள். "ஐந்நூறோ ஆயிரமோ வாங்கிக்கொண்டு போங்கள், ஐயா" என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். இந்தி சரளமாக வராத நமக்கு, அவ்விடத்தை விட்டு அகன்றால் போதும் என்றே தோன்றும். இந்த அவசரந்தான் பின்னால் செலவாக முடிகிறது. பம்பரின் மேற்பரப்பில் ஒரு கீறல் மட்டும் தெரியும். உள்ளே அதைத் தாங்கும் கொக்கிகள் முறிந்திருப்பதும், டிக்கியின் தரைத்தகடு மடிந்திருப்பதும் பட்டறையில் கழற்றிய பிறகே தெரியவரும்.

ஆகவே அந்த இடத்தில் செய்யத்தக்கவை சிலவே. இரண்டு வண்டிகளும் நிற்கும் நிலையை, எண் பலகைகள் தெரியுமாறு கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ள வேண்டும். எதிரியின் வண்டிக்குக் காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்பதை அரசின் எம்பரிவாகன் செயலியில் எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். அவர் பணம் தர முன்வந்தால் நல்லதே. ஆனால் தொகையைப் பட்டறைக்காரர் சொல்லட்டும், கூட்டம் சொல்ல வேண்டாம்.

காவல் நிலையத்துக்குச் செல்ல நேர்ந்தால் ஒரு சொல்லைக் குறித்து எச்சரிக்கை தேவை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது சற்றுச் சுவையான செய்தியுங்கூட. 'ராஜிநாமா' என்றால் தமிழில் வேலையை விட்டு விலகும் கடிதம். இந்தியிலோ 'ராஜீநாமா' என்பது இரு தரப்பாரும் சமாதானமாகிவிட்டதாக எழுதிக் கொடுக்கும் பத்திரம். 'ராஜியாகப் போய்விட்டார்கள்' என்று நம் கிராமங்களில் சொல்லும் வழக்கில் அந்தப் பழைய பொருள் இன்னும் தங்கியிருக்கிறது. "ஒரு ராஜீநாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்று நிலையத்தில் சொன்னால், நம் வேலைக்கு ஊறு ஒன்றுமில்லை. ஆனால் நம் உரிமைக்கு உண்டு. 'எனக்கு இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை' என்ற வரி பெரும்பாலும் அதில் இருக்கும். அதில் கையெழுத்திட்ட பிறகு இடித்தவரிடம் கேட்பது கடினம். நம்முடைய இன்ஷூரன்ஸ் நிறுவனமும் தடை சொல்ல இடமுண்டு. நமக்குத் தந்த பணத்தை இடித்தவரிடமிருந்து மீட்கும் உரிமையை நாமே கைவிட்டதாகிறதல்லவா?

புரியாத எழுத்தில் கையெழுத்திட வேண்டுவதில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, கைது செய்தற்குரிய குற்றம் பற்றி நாம் வாய்மொழியாகக் கூறும் தகவலை எழுதிக்கொண்டால், அதை நமக்குப் படித்துக் காட்ட வேண்டும். பதிவான தகவலின் நகலையும் இலவசமாகத் தர வேண்டும். படித்துக் காட்டும்போது விளங்காத சொல்லை நிறுத்திக் கேட்பதில் வெட்கம் எதற்கு?

இனிப் பணத்துக்கு வருவோம். எல்லாரும் கட்டாயமாக எடுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு, நாம் பிறருக்கு விளைவிக்கும் சேதத்துக்கே உரியது. நம் வண்டியை அது காக்காது. அதற்குச் சொந்தச் சேதக் காப்பும் இருத்தல் வேண்டும். அது இருந்தால் பழுது பார்க்கும் செலவை நம் நிறுவனத்திடம் கேட்கலாம். தமிழ்நாட்டில் எடுத்த பாலிசியாயினும் இந்தியா முழுவதும் செல்லும். ஆனால் தவறு முழுவதும் பிறருடையதாயினும், கோரிக்கை வைத்தோம் என்ற காரணத்தால் நம் கழிவு போய்விடும்! இதைப் பலர் அறியார்.

ஒரு கணக்குப் பார்ப்போம். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 8,000 ரூபாய் என்று கொள்வோம். ஐந்தாண்டு கோரிக்கையின்றி இருந்தால் 50 விழுக்காடு கழிவு, கட்டுவது 4,000. ஒரு கோரிக்கை வைத்தால் அடுத்த ஆண்டு 8,000 முழுதும் கட்ட வேண்டும். பிறகு கழிவு 20, 25, 35, 45 என்று படிப்படியாக ஏறி மீண்டும் 50-ஐ அடையும். பிரீமியம் மாறாதிருப்பின் அதற்குள் நாம் கூடுதலாகக் கட்டியிருப்பது 10,000 ரூபாய். கழிவுக்குத் தனிப் பாதுகாப்பு வாங்கியிருந்தாலன்றி இதுவே நிலை. மேலும், சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் உறுப்புகளுக்குப் பாதி விலையே கிடைக்கும், பம்பர் பிளாஸ்டிக்கே. 1,500 சி.சி. வரையுள்ள கார்களில் முதல் 1,000 ரூபாய் நம் தலையில். ஆகவே ஆறாயிரம் ஏழாயிரம் ரூபாய் வேலைக்குக் காப்பீட்டை நாடுவது, நம் கருத்தில், வீண். முகப்பு விளக்கும் ரேடியேட்டரும் சேர்ந்து போயினவேல் தயங்க வேண்டியதில்லை. நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் பார்வையிடும் வரையில் ஓர் ஆணியையும் கழற்றலாகாது.

இடித்தவரின் காப்பீட்டிலிருந்தே பெற வழியில்லையா என்றால், உண்டு. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் மட்டுமே என்று பலர் எண்ணுகின்றனர். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பொருட் சேதத்துக்கும் அங்கே இடம் தருகிறது. வழக்கமான கார் பாலிசிகள் பிறர் பொருளுக்கான சேதத்தை 7.5 லட்சம் ரூபாய் வரை ஏற்கின்றன. ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இதில் ஒரு பெரிய வசதி: விபத்து நடந்த ஊரில்தான் மனுச் செய்ய வேண்டுமென்பதில்லை, நாம் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் செய்யலாம். ஆக்ராவுக்கு அருகே இடிபட்ட தில்லிவாசி தில்லியிலேயே மனுச் செய்துகொள்ளலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கு ஆறு மாத வரையறை விதித்திருக்கிறது. வழக்கு நீளும் என்பது உண்மையே. சிறு தொகைக்கு அந்த அலைச்சல் தகாது. லாரி மோதிப் பாதி வண்டி நசுங்கியவருக்கோ அது கைவிடத்தக்க வழியன்று.

கடைசியாகப் பட்டறை. நம் ஊரில் டிங்கர் என்பவரை இங்கே டென்ட்டர் என்கிறார்கள், வேலை ஒன்றே. நல்ல கைகாரர் ஒடுக்கை உள்ளிருந்து தட்டித் தகட்டைப் பழைய வளைவுக்குக் கொணர்ந்த பின்னரே மெல்லிய பட்டி பார்ப்பார். மற்றவர் பள்ளத்தைப் பட்டியாலேயே நிரப்பிவிடுவார். ஓரிரு மழைக்காலங்களில் அது வெடித்து உதிரும். சென்ற ஆண்டு, வாயிலில் நிறுத்தியிருந்த நம் வண்டியின் இடக் கதவை ஒரு தண்ணீர் லாரி உரசிச் சென்றபோது, நாம் கேட்டது ஒன்றே: வண்ணம் பூசுவதற்கு முன் கதவைப் பார்க்க வேண்டும் என்று. மிஸ்திரி முகம் சுளித்தார். ஆயினும் வேலை ஒழுங்காயிற்று. வண்ணம் பூசிய பிறகு பார்ப்பவர்கள் ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்துப் பார்க்கலாம். இரும்புத் தகட்டின் மேல் பட்டி தடித்திருக்கும் இடத்தில் அது சரியாக ஒட்டாது. வெயிலில் நிறம் மங்கிய பழைய வண்டிக்கு, நிறக் குறியீட்டை மட்டும் பார்த்துக் கலந்த வண்ணம் பொருந்துவதில்லை. பக்கத்துத் தகட்டோடு ஒப்பிட்டுக் கலக்கச் சொல்ல வேண்டும். வண்டியை மாலை விளக்கொளியில் வாங்கிக்கொள்ளாமல், காலை வெயிலில் சென்று, நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்த பின்னரே மீதிப் பணத்தைக் கொடுக்கலாம்.