கையிலுள்ள கருவியும் நெஞ்சிலுள்ள பற்றும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

     

தமிழ்ச் சங்க மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. நாமோ இன்று கைப்பேசியைப் பற்றிப் பேச வந்து நிற்கிறோம். தங்கம் எடுத்த மண்ணில் நின்றுகொண்டு தகரமும் கண்ணாடியும் கலந்த ஒரு சிறு பெட்டியைப் பற்றிப் பேசுவதா என்று பெரியோர்கள் நகைக்கக்கூடும். பொறுத்தருள வேண்டுகிறோம். அச்சிறு பெட்டிக்குள்தான் இன்று நம் உறவும் நினைவும் குடியிருக்கின்றன. ஆதலின் அதைப் பற்றிச் சிறிது எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகிறது.

எம் இல்லத்துப் பெட்டியொன்றில் ஒரு பழைய கைப்பேசி உறங்குகிறது. சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த எம் தந்தையார், ஆழத்தில் இறங்கிய நாளெல்லாம் கண்டவற்றைத் தம் பேரனுக்குக் கதையாகச் சொன்ன குரல் அதனுள் இருக்கிறது. தந்தையார் இன்று இல்லை. அக்கருவியைச் செய்தவர்கள் அவ்வகையையே கைவிட்டுவிட்டார்கள். பழுது பார்க்கும் கடைகள் பலவற்றில் ஏறி இறங்கினோம். "இதற்கு இப்போது ஒன்றும் செய்ய முடியாது" என்ற விடையே கிடைத்தது. குரல் உள்ளே இருக்கிறது, கேட்க வழியில்லை. இந்த வருத்தமே இவ்வுரைக்கு வித்து.

கைப்பேசியை இயக்கும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்பர். அது மனை போன்றது. நம் படங்களும் கடிதங்களும் செயலிகளும் அதன்மேல் எழுப்பிய வீடு போன்றவை. மனை பிறருடையது, வாழ்வு நம்முடையது. கம்பெனிக்குச் சொந்தமான லைன் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நமக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இன்று உலகின் கைப்பேசிகளில் மிகப் பெரும்பாலானவை ஆண்டிராய்டு, ஐபோன் என்னும் இரண்டு மனைகளில் அடங்கிவிட்டன. ஒரு காலத்தில் நிலைமை வேறு. அன்று இந்தியக் கடைவீதிகளில் நோக்கியாவே கோலோச்சியது. 2006-இல் நம் தமிழ்நாட்டின் திருப்பெரும்புதூரில் அது ஆலை அமைத்தது. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் இளம்பெண்களும் அங்கே வேலை பெற்றனர். ஆயினும் நோக்கியாவின் சிம்பியன் என்னும் இயங்குதளம், விரலால் தொட்டு இயக்கும் புதுமைக்கு ஈடுகொடுக்க இயலாமல் தளர்ந்தது. 2011 பிப்ரவரியில் அந்நிறுவனம் சிம்பியனைவிட்டு மைக்ரோசாப்டின் விண்டோஸ் போனைத் தழுவப்போவதாக அறிவித்தது. புதிய கைப்பேசிகளோ ஆண்டின் இறுதியில்தான் வந்தன. பழைய வீட்டை இடிக்கப்போகிறோம் என்று முரசறைந்துவிட்டுப் புதிய வீட்டுக்கு மெல்லக் கடைக்கால் போட்டால், குடியிருப்போர் காத்திருப்பார்களா? பலர் ஆண்டிராய்டை நாடினர்.

நம்பிக்கையோடு விண்டோஸ் போனை வாங்கியோர்க்கு நேர்ந்தது என்ன? 2012-இல் அதன் எட்டாம் பதிப்பு வந்தது. முன்னைய கருவிகளுக்கு அப்பதிப்பு கிடைக்காது என்றனர். முதலில் வந்து ஆதரித்தவரே முதலில் கைவிடப்பட்டனர்.

அதே வேளையில் பிளாக்பெர்ரியும் தள்ளாடிக்கொண்டிருந்தது. விரல் அறிந்த சிறு விசைப்பலகையும், தன் கருவிகளுக்குள் மட்டுமே செய்தி பரிமாறும் வசதியும் அதன் வலிமைகள். நண்பர்கள் யாவரும் பிளாக்பெர்ரி வைத்திருந்தவரை எவரும் வெளியேற நினைக்கவில்லை. ஆனால் எந்தக் கருவியிலும் இயங்கிய வாட்ஸ்அப் வந்தது. தொலைபேசி எண்ணே அதற்கு முகவரியாயிற்று. நண்பர்கள் ஒருவர்பின் ஒருவராக அங்கே சென்றனர். 2013 அக்டோபரில் பிளாக்பெர்ரி தன் செய்திச் சேவையைப் பிற கருவிகளுக்கும் திறந்துவிட்டபோது காலம் கடந்துவிட்டது. உள்ளிருப்போரைக் காத்த மதிலே வெளியிலிருப்போரைத் தடுத்தும் நின்றது என்பதை அது காலந்தாழ்ந்தே உணர்ந்தது.

2013-இல் இவ்விரண்டு தளங்களும் மூன்றாம் இடத்துக்குப் போராடின. விண்டோஸ் போன் முந்தியது. எனினும் அவ்வெற்றியால் பயன் விளையவில்லை. ஏன்? சந்தையை நினைத்துப் பாருங்கள். வாங்குவோர் கூடும் இடத்துக்கே வணிகர் வருவர். வணிகர் உள்ள இடத்துக்கே வாங்குவோர் வருவர். செயலி செய்வோர் இரண்டு பெரிய சந்தைகளிலேயே கடை விரித்தனர். யூடியூபுக்குக்கூட விண்டோஸ் போனில் முறையான செயலி அமையாமல் கூகுளும் மைக்ரோசாப்டும் பூசலிட்டன. அவர்களது பூசலில் அல்லலுற்றவர் அக்கருவியை விரும்பி வாங்கியவரே.

முடிவு விரைந்து வந்தது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைப்பேசித் தொழில் மைக்ரோசாப்டின் கைக்கு மாறியது. வரி வழக்கின் காரணமாகத் திருப்பெரும்புதூர் ஆலை அதில் சேரவில்லை. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் அங்கே உற்பத்தி நின்றது. 2019-இன் இறுதியோடு விண்டோஸ் போனில் வாட்ஸ்அப் ஓய்ந்தது. 2022 ஜனவரி 4-ஆம் நாளன்று பிளாக்பெர்ரி தன் பழைய இயங்குதளங்களுக்குரிய சேவைகளை நிறுத்தியது.

இவ்வரலாற்றில் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தளர்ந்துபோன தளத்தையும் சிலர் கடைசிவரை விடாமல் பற்றி நின்றார்களே, அவர்களைப் பிணித்தது எது? கையின் பழக்கம் ஒன்று. கொடுத்த விலையும் சேர்த்துவைத்த படங்களும் மற்றொன்று. இவையிரண்டும் சிறிது காலமே தாங்கும். அவற்றினும் வலிய கயிறு, அங்கே நமக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்பதே. 2017-இல் ஜியோபோன் குறைந்த விலையில், 1,500 ரூபாய் வைப்புத் தொகைக்கு வந்தபோது எளிய மக்கள் பலர் வாங்கினர். ஆயினும் அடுத்த ஆண்டே அதில் வாட்ஸ்அப்பையும் சேர்க்க வேண்டியதாயிற்று. விலை மக்களை அழைத்துவரும். உறவே அவர்களை இருத்தி வைக்கும்.

இவ்வுண்மைக்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டா. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் தொடங்கிவைத்த சுரங்கத் தொழில் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் நின்றது. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் உழைத்த கைகள் வேலையிழந்தன. நாம் ஊரைவிட்டு ஓடினோமா? இன்றும் விடியுமுன் மாரிகுப்பத்திலும் கோரமண்டலிலும் ரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து, இருட்டியபின் திரும்பி வருகிறோம். பொன் போயிற்று, கம்பெனி போயிற்று. அண்டை வீட்டாரும் கோயிலும் பள்ளியும் இச்சங்கமும் இருக்கின்றன. நம் பற்று பொன்மீது அன்று. ஒருவர்மீது ஒருவர் கொண்டது.

ஆகவே, கருவிமீது நாம் கொள்ளும் பற்றும் உண்மையில் நம் மக்கள்மீது கொண்ட பற்றே. அதை நிறுவனங்கள் தம் சொத்தாகக் கருதுகின்றன. அது நாம் ஒப்படைத்த அடைக்கலப் பொருள். மனைக்காரர் கதவடைத்தாலும் நம் பொருளை எடுத்துக்கொண்டு வெளியேற நமக்கு வழி வேண்டும்.

நம் தமிழ் இதற்கோர் எடுத்துக்காட்டு. மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005-இல் கைப்பேசியில் தமிழ் எழுத வழி செய்தது. அக்காலத்துக் கருவிகள் மறைந்தன. செல்லினமோ ஐபோனிலும் ஆண்டிராய்டிலும் குடிபுகுந்து வாழ்கிறது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஒருங்குறியில் எழுதிய தமிழ், கருவி மாறினும் படிக்கக் கிடைக்கிறது. ஒரு தளத்தை மட்டும் நம்பாதது பல தளங்களிலும் வாழ்கிறது.

அன்பர்களே! இவ்விழா முடிந்து வீடு திரும்பியதும் ஒரு பணி செய்யுங்கள். பெரியோர்களின் குரலையும் மணவிழாப் படங்களையும் கைப்பேசியில் மட்டும் வைத்திராமல், கணினியிலோ வேறு கருவியிலோ இன்னொரு படி எடுத்து வையுங்கள். உறவினரின் எண்களை ஒரு குறிப்பேட்டில் மையால் எழுதி வையுங்கள். இளைஞர்கள் இப்பணியில் முதியோர்க்குத் துணை நிற்பார்களாக! எமக்கு நேர்ந்த இழப்பு உங்களில் எவர்க்கும் நேராதிருந்தால், இச்சிற்றுரை பயன்பெற்றது என்று மகிழ்வோம்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!