ஜாமீனும் தலைவிதியும்



நம் பக்கத்துக் கிராமங்களில் ஒருவனைப் போலீசார் பிடித்துக்கொண்டு போனால், வீட்டார் முதலில் ஓடுவது வக்கீலிடமல்ல, ஜோசியனிடம். கிரகம் சரியில்லை என்பான் அவன். உடனே சாமிக்குக் கிடா வெட்டுவதாக வேண்டுதல். ஜாமீன் கிடைத்தால் சாமி கொடுத்தது, கிடைக்காவிட்டால் தலைவிதி! மனிதர்கள் எழுதிய சட்டத்தைப் பார்த்து ஒரு மனிதர் செய்கிற முடிவு இது என்று எவருக்கும் தோன்றுவதில்லை.

ஜாமீன் என்பது மன்னிப்பா? அல்ல. விடுதலையா? அதுவுமல்ல. குற்றம் ருஜுவாகும் வரை எவனும் குற்றவாளியல்ல. ஆகையால் விசாரணைக்கு முன் அடைத்து வைப்பது தண்டனையாகக் கூடாது. சில குற்றங்களில் ஜாமீன் நமது உரிமை. மற்றவற்றில் நீதிபதி யோசித்து முடிவு செய்கிறார். குற்றம் எவ்வளவு கொடியது? நம்ப முகாந்தரம் உண்டா? கூப்பிட்ட நாளில் வருவானா? சாட்சிகளை மிரட்டுவானா? தடயத்தை அழிப்பானா? பார்க்க வேண்டியவை இவைதான்.

ஆனால் நடப்பதென்ன? மத்தியப் பிரதேசத்தில் மோத்திராம் என்ற ஏழைக் கொத்தனாரை ஜாமீனில் விடும்படி சுப்ரீம் கோர்ட்டே சொல்லியும், மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஆள் ஜாமீன் கேட்டார். அண்ணன் தம்பி முறையில் ஒருவர் வந்தபோது, அவருடைய சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறதென்று தள்ளிவிட்டார்! 1978-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் இதைக் கண்டித்து, 1,000 ரூபாய்க்கு அவருடைய சொந்தப் பத்திரமே போதுமென்றார்.

ஏழையிடம் சொத்தைத் தேடுகிற கண், ஜாதித் திமிருள்ளவனிடம் அவனது செல்வாக்கைத் தேட வேண்டாமா? நம் நாமக்கல் ஜில்லாவையே பாருங்கள். ஓமலூர் கோகுல்ராஜ், இஞ்சினீரிங் படித்த ஆதிதிராவிட வாலிபர். 2015 ஜூன் 23-ல் வேறு ஜாதித் தோழியோடு திருச்செங்கோட்டுக் கோவிலுக்குப் போனவர், மறுநாள் பள்ளிபாளையத்தருகே ரயில் பாதையில் பிணமாகக் கிடந்தார். முதல் எதிரி ஒரு ஜாதிச் சங்கத் தலைவர். அவர் மூன்று மாதத்துக்கு மேல் தலைமறைவாயிருந்துகொண்டே தம் பேச்சைப் பதிவு செய்து ஊரெங்கும் பரப்பினார். அப்படிப்பட்டவருக்கு 2016-ல் ஐக்கோர்ட்டு ஜாமீன் கொடுத்தது. அதே வருஷம் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. அதன் பிறகும் முக்கிய சாட்சி பிறழ்ந்தார் என்றால், அவர் வெளியிலேயே இருந்திருந்தால் என்னவாகியிருக்கும்? வழக்கு மதுரைக்கு மாற்றப்பட்டு, 2022 மார்ச்சில் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

ஓடிப்போக வழியற்ற கொத்தனாருக்குப் பூட்டு, ஊரையே மிரட்டக் கூடியவருக்குத் திறந்த கதவு என்றால் அது சட்டமாகுமா? மனுதர்மமல்லவா?

2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள புதுச் சட்டத்தின் பெயர் நம் வாயில் நுழையாத வடமொழி. ஆனாலும் உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜாமீன் உரிமையான குற்றத்தில், ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரரைக் கொடுக்க முடியாதவனை ஏழையென்றே கருதி, சொந்தப் பத்திரத்தில் விடவேண்டும். பொதுவாக 60 நாளில், பெருங்குற்றமானால் 90 நாளில், போலீசார் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை. வக்கீலுக்குப் பணமில்லாதவர்கள் ஜில்லா சட்ட உதவி ஆணையத்தில் இலவசமாகக் கேட்கலாம்.

ஆகவே தோழர்களே! கிடாவுக்கும் ஜோசியனுக்கும் செலவழிக்கிற நேரத்தில், எந்தப் பிரிவில் வழக்கு, எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள். பூட்டியவன் மனிதன், சாவியும் மனிதனிடத்திலேயே இருக்கிறது என்று கூறி முடித்துக்கொள்ளுகிறேன்.