பயிற்சின்னா கையெழுத்துப் போடறது மட்டும் இல்ல
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்ச குடும்பத் தலைவி. சில வருஷமா நம்ம கூட்டமைப்புல சமுதாய வளப் பயிற்றுநரா இருக்கேன். பெரிய மனுஷிகளுக்கு எப்படிப் பயிற்சி நடத்தணும்னு பேசச் சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல ஒரு பழைய விஷயம். தமிழ்நாட்டுல அரசு மூலமா சுய உதவிக் குழுக்கள் 1989-ல தருமபுரி மாவட்டத்துல ஆரம்பிச்சது. 1991-92-ல நம்ம பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்கும் வந்துடுச்சு. விழுப்புரம் தனி மாவட்டமா ஆனது 1993-ல. அதாவது நம்ம மாவட்டம் பொறக்கறதுக்கு முன்னாடியே இங்க குழு வந்தாச்சு. அன்னையிலிருந்து எத்தனையோ பயிற்சி நடந்திருக்கு. உறுப்பினர் பயிற்சி, ஊக்குநர் பிரதிநிதி பயிற்சி, கணக்குப் பயிற்சி, தொழில் பயிற்சின்னு நாமளும் போயிட்டு வந்திருக்கோம். ஆனா நிறைய குழுவுல இன்னைக்கும் ரொக்கப் புத்தகம் ஒரே ஒருத்தங்க கையிலதான் இருக்கு. அந்தப் பொண்ணு கல்யாணமாகியோ, மகன் வீட்டுக்குன்னோ வெளியூர் போயிட்டா குழு அப்படியே நின்னு போகுது. மத்த பதினோரு பேரும் பயிற்சிக்குப் போனவங்கதான். நோட்டுல கையெழுத்து இருக்கு. கணக்கு மட்டும் மனசுல நிக்கல. இது அவங்க குத்தம் இல்ல. பயிற்சியைத் திட்டம் போடும்போதே அவங்களை யோசிக்கல.

அதனால திட்டம் போடறவங்க முதல்ல பார்க்க வேண்டியது நேரம். காலையில பால் கறந்து சொசைட்டிக்கு ஊத்தணும், பிள்ளைங்களைப் பள்ளிக்கூடம் அனுப்பணும். சாயங்காலம் திரும்பவும் மாட்டுகிட்ட நிக்கணும். நடுவுல பதினொன்னுல இருந்து மூணு மணி வரைக்கும்தான் நம்ம நேரம். காலை ஒன்பது மணிக்கு விழுப்புரத்துல பயிற்சின்னு போட்டா, திண்டிவனத்தைத் தாண்டி உள்ளடங்கின ஊர்ல இருக்கிற அக்கா எத்தனை மணிக்கு எழுந்திருக்கணும்? ரெண்டு ஊருக்கும் நடுவுலயே நாற்பது கிலோமீட்டர் கிட்ட இருக்கு. நடவு சமயத்துலயும் மல்லாட்டை பிடுங்கற சமயத்துலயும் பயிற்சி வச்சா, அன்னைக்குக் கூலி போகுது. கூலி போனவங்க உடம்பு கூடத்துல இருக்கும், மனசு கொல்லையில இருக்கும். நூறு நாள் வேலை நடக்கிற நாளும் அப்படித்தான். தேதியை அலுவலகத்துல உட்கார்ந்து முடிவு பண்ணாம, மாசக் கூட்டத்துலயே உறுப்பினர்களைக் கேட்டு வைக்கணும்.

அடுத்தது உட்காரும் விதம். மேடை போட்டு, மைக் வச்சு, வரிசையா நாற்காலி போட்டா பின்னாடி இருக்கிறவங்க ஒரு மணி நேரத்துல தூங்கிடுவாங்க. இல்லைன்னா பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட ஊர்க்கதை பேசுவாங்க. நான் இப்ப எல்லாரையும் வட்டமா பாயில உட்கார வைக்கிறேன். வட்டத்துல பின் வரிசை கிடையாது. முப்பது பேருக்கு மேல கூப்பிடறதும் இல்ல. கைக்குழந்தை தூக்கிட்டு வரவங்க இருந்தா, பிள்ளையைப் பார்த்துக்க ஒரு ஆளை முன்கூட்டியே சொல்லி வைக்கணும். டீ, சாப்பாடு மாதிரி அதுவும் செலவுக் கணக்குல சேரணும்.

மூணாவது, ஒரு நாளைக்கு ஒரு விஷயம் போதும். காலையில வங்கிக் கடன், அப்புறம் சத்துணவு, மதியம் சட்டம், சாயங்காலம் மண்புழு உரம்னு வச்சா வீட்டுக்குப் போகும்போது ஒண்ணும் மிஞ்சாது. அந்த ஒரு விஷயத்தையும் கையால செய்ய வைக்கணும்.

வட்டிக் கணக்கை நான் புளியங்கொட்டை வச்சுத்தான் சொல்லிக் குடுக்கிறேன். திண்டிவனம்னாலே புளியங்காடுன்னுதான் அர்த்தம்னு பெரியவங்க சொல்லுவாங்க, அதனால கொட்டைக்குப் பஞ்சம் இல்ல. 10,000 ரூபா கடன், பத்து மாசத் தவணை, நூத்துக்கு மாசம் ரெண்டு ரூபா வட்டின்னு வச்சுக்குங்க. ஒரு கொட்டை ஆயிரம் ரூபா. பத்துக் கொட்டையை எண்ணி வைக்கணும். ஒரு கொட்டைக்கு மாச வட்டி 20 ரூபா. முதல் மாசம் பத்துக் கொட்டைக்கு 200. ஆயிரம் கட்டினதும் ஒரு கொட்டையை எடுத்துடணும். ரெண்டாம் மாசம் ஒன்பது கொட்டைக்கு 180. இப்படியே கடைசி மாசம் ஒரே கொட்டைக்கு 20. எல்லாத்தையும் கூட்டினா மொத்த வட்டி 1,100 ரூபா. அதே கடனுக்கு, அசல் குறைஞ்சாலும் கொட்டையே எடுக்காத மாதிரி மாசாமாசம் 200 வாங்கினா 2,000 ரூபா. வித்தியாசம் 900 ரூபா.

ஒரு ஊர்ல இதைச் செய்யும்போது, கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும், கொட்டையைக் கையில வச்சுக்கிட்டே கேட்டாங்க: “ஏம்மா, வெளிய ஒரு இடத்துல வாங்கின கடனுக்கு நான் கட்டக் கட்ட வட்டி குறையவே இல்லையே. என் கொட்டையை யார் எடுக்காம வச்சிருக்காங்க?” கூடத்துல யாரும் பேசல. அப்புறம் நாலஞ்சு பேர் அதே மாதிரி கடன் தங்களுக்கும் இருக்குன்னு சொன்னாங்க. அன்னைக்குச் சாயங்காலமே அட்டையை எடுத்து வச்சு, மிச்சம் எவ்வளவுன்னு எல்லாரும் சேர்ந்து எண்ணினோம். அடுத்த மாசம் அந்த அம்மா குழுவுல கடன் எடுத்து வெளிக்கடனை அடைச்சாங்க. கரும்பலகையில கணக்கு எழுதிப் போட்டிருந்தா அந்தக் கேள்வி வந்திருக்காது.

எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்குக் கணக்குத் தெரியாதுன்னு யாரும் நினைக்கக் கூடாது. பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, ஆட்டு வாரம் எல்லாம் அவங்க மனசுலயே வச்சிருக்காங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு ஆரம்பிக்கலாம். பெரியவங்ககிட்ட, அவங்களுக்குத் தெரிஞ்சதுல இருந்துதான் ஆரம்பிக்கணும். எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு பதில் சொல்லுன்னு கேட்டா, வெட்கப்பட்டு அடுத்த தடவை வரமாட்டாங்க. ரெண்டு ரெண்டு பேரா உட்கார வச்சு, தெரிஞ்சவங்க தெரியாதவங்களுக்குச் சொல்லும்படி விட்டா கூச்சம் போயிடும்.

புதுக்கோட்டை மாவட்டத்துல அறிவொளி இயக்கம் நடந்தப்ப, ஷீலா ராணி சுங்கத் அம்மா கலெக்டரா இருந்த காலம், எழுத்தோட சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கத்துக் குடுத்தாங்க. 1992 மார்ச் 8, மகளிர் தினத்துல 1,500 பேருக்கு மேல சைக்கிள்ல ஊர்வலம் போனாங்க. சைக்கிள் எப்படி ஓட்டறதுன்னு யாரும் மூணு மணி நேரம் பேசிக் கத்துக் குடுக்க முடியாது, ஏறித்தான் ஆகணும். நேத்து கத்துக்கிட்டவங்களே இன்னைக்கு இன்னொருத்தங்களுக்குச் சீட்டைப் பிடிச்சுக்கிட்டு ஓடினாங்க. கூலிக்காரப் பொண்ணுங்க, செவிலியர், ஆசிரியை எல்லாருமே அதுல இருந்தாங்க. நம்ம பயிற்சியும் அப்படி இருந்தா போதும். ரொக்கப் புத்தகம் எழுதச் சொல்லிக் குடுக்கிறோம்னா, ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கணும். அவங்க குழுவோட போன மாசக் கணக்கையே எழுதிப் பார்க்கணும்.

முடிக்கும்போது “புரிஞ்சுதா?”ன்னு கேட்டா எல்லாரும் “புரிஞ்சுது”ன்னுதான் சொல்லுவோம். வீட்டுக்குக் கிளம்பற அவசரம். அதனால “செஞ்சு காட்டுங்கக்கா”ன்னு கேட்கணும். ஒரு மாசம் கழிச்சு அந்தக் குழுக் கூட்டத்துக்குப் போய், புத்தகத்தை யார் எழுதறாங்கன்னு பார்க்கணும். மாத்தி மாத்தி எழுதினா பயிற்சி நடந்திருக்குன்னு அர்த்தம். அதே கையெழுத்தே இருந்தா, திரும்பவும் போகணும்.

கூட்டமைப்புக்கு மூணு வேண்டுகோள் வைக்கிறேன். பயிற்சித் தேதியை உறுப்பினர்களைக் கேட்டு வையுங்க. வருஷத்துல பாதிப் பயிற்சியாவது நம்ம ஊர்கள்லயே, சமுதாயக் கூடத்துலயோ பள்ளிக்கூடத்துலயோ நடக்கட்டும். ஒரு தடவை வந்த ஊக்குநரே திரும்பத் திரும்ப வராம, இதுவரைக்கும் வராத உறுப்பினர் ஒருத்தரைக் குழுவுக்கு ஒருத்தரா அனுப்புங்க.

அக்கா, தங்கச்சிகளே, அடுத்த பயிற்சிக்கு வரும்போது உங்க பாஸ்புக்கையும் கடன் அட்டையையும் பையில எடுத்துட்டு வாங்க. புரியலைன்னா புரியலைன்னு சொல்லுங்க. நம்ம பணத்தைப் பத்தி நாம கேட்கிறதுல வெட்கம் இல்ல.