சக்கரம் எழுப்பும் ஓசை

தில்லியிலிருந்து சென்னைக்குக் காரில் செல்வோர் 2,000 கிலோமீட்டருக்கு மேல் கடக்க வேண்டும். புறப்படுமுன் முன்சக்கரங்களின் பிரேக் பேடுகளை வீட்டிலேயே மாற்றியவர், புதிய ஓசை கேட்டால், கடைசியாகக் கைபட்ட இடத்தையே முதலில் ஆராய்தல் நன்று.

இடைவிடாத உரசலொலி, டிஸ்க்கின் பின்னுள்ள மெல்லிய தூசுத் தகடு வளைந்து அதைத் தொடுவதால் எழலாம். தகட்டை மெல்ல நிமிர்த்தினால் போதும். 'டொக் டொக்' என்னும் ஓசையோ, சக்கர நட்டுகளோ காலிப்பர் போல்டுகளோ தளர்ந்ததன் அறிகுறியாகலாம். உடனே வண்டியை ஓரமாக நிறுத்திவிடுங்கள். வேகத்தோடு வளர்ந்து, வளைவில் மாறும் இரைச்சல் பெரும்பாலும் பேரிங் தேய்வினது. அதை மெக்கானிக்கிடம் விடுதலே முறை.

நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்குங்கள். 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மீண்டும் சரிபாருங்கள். அதன் பின்னரே மனைவி மக்களோடு ஊர்ப் பயணம் தொடங்குதல் தக்கது.