சான்றிதழும் நமது பணமும்

(பதுளையில் தோட்டத் தொழிலாளர், விவசாயிகள், உத்தியோகத்தர் முன்னிலையில் ஆற்றிய உரை)



சான்றிதழ் என்னும் சொல்லின் கனத்தை மலைநாட்டுத் தமிழரைப் போல் உணர்ந்தவர் வேறு எவர்? 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தந்தையும் பாட்டனும் எங்கே பிறந்தனர் என்பதற்கு அத்தாட்சி கேட்டது. காட்டக் காகிதம் இல்லாத பல இலட்சம் மக்கள் நாடற்றோராயினர். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளும் ஒரு சான்றிதழே. இது கண்ணுக்குத் தெரியாதது. ஆயினும் நமது உழைப்பின் ஊதியம் இதன் காவலில் இருக்கின்றது.

கொழும்பில் வேலை செய்யும் மகன் பசறைத் தோட்டத்திலுள்ள தாய்க்குக் கைத்தொலைபேசி வழியே பணம் அனுப்புகின்றான். வெலிமடை விவசாயியின் கிழங்கு விலை வங்கிக் கணக்கிற்கு வருகின்றது. 2023இல் தொடங்கிய அஸ்வெசும உதவியும் வங்கிக் கணக்கிற்கே செல்கின்றது. இந்தப் பாதையில் காவல் எது?

வங்கியின் இணையத்தளத்தை நாம் திறந்ததும், அத்தளம் தன் சான்றிதழை நீட்டுகின்றது. தளத்தின் முகவரி, அதன் பொதுத் திறவுகோல், காலாவதித் திகதி, சான்றளித்த நிறுவனத்தின் ஒப்பம் ஆகியவை அதில் உள்ளன. நமது உலாவி, தான் நம்பும் நிறுவனங்களின் பட்டியலைக் கொண்டு அவ்வொப்பத்தைச் சோதிக்கின்றது. பின்னர் இருபுறமும் ஓர் இரகசியத் திறவுகோலை வகுத்துக்கொள்கின்றன. அதன்பின் நாம் அனுப்பும் இரகசிய இலக்கத்தை வழியில் எவன் ஒட்டுக்கேட்டாலும் அவனுக்குப் பொருள் விளங்காது. இடையில் மாற்றினால் உடனே வெளிப்படும்.

சட்டம் பயின்றோர் இதனை நொத்தாரிசின் அத்தாட்சிக்கு ஒப்பிடலாம். உறுதியில் ஒப்பமிட்டவர் இன்னார் என்பதற்கு நொத்தாரிசு சாட்சி. அவர் விற்கும் காணி வில்லங்கமற்றது என்பதற்கு அவர் பிணை நிற்பதில்லை. அவ்வாறே இச்சான்றிதழும் முகவரியை மெய்ப்பிக்கும்; முகவரிக்குரியவன் நல்லவனா என்பதைச் சொல்லாது. திருடனும் தன் பெயரில் ஒரு தளம் அமைத்து, இலவசமாகவே சான்றிதழ் பெறலாம். பூட்டுச் சின்னம் அங்கும் தோன்றும்! வங்கியின் பெயரை முகவரியின் தொடக்கத்தில் வைத்து, வேறொரு பெயரில் முடிப்பது அவன் தந்திரம். ஆகவே முதற் சாய்கோட்டுக்கு முன்னே முகவரி எப்பெயரில் முடிகின்றது என்பதை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

சான்றளிப்போரும் தவறுவதுண்டு. 2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துள் ஊடுருவியோர் 500க்கு மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உண்டாக்கினர். உலாவிகள் அந்நிறுவனத்தைத் தள்ளிவைத்தன; அவ்வாண்டே அது முறிந்தது. 2014இல் இந்தியாவின் தேசிய தகவலியல் மையத்திலிருந்து கூகிளின் பெயருக்கு முறையற்ற சான்றிதழ்கள் வெளியாகின. ஆகவே உலாவி எச்சரிக்கை காட்டினால் அதனைத் தாண்டிச் செல்லாதீர்கள், அங்கேயே நின்றுவிடுங்கள்.

நமது நாட்டில் சட்டமும் துணை நிற்கின்றது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இலத்திரனியல் ஆவணத்திற்கும் ஒப்பத்திற்கும் மதிப்பளித்தது. ஆனால் மரணசாசனத்தையும் காணி விற்பனையையும் அது விலக்கி வைத்தது. கைத்தொலைபேசியிலேயே காணி எழுதித் தருவதாக எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் பிறர் கணினியுள் அனுமதியின்றி நுழைவதைத் தண்டனைக்குரியதாக்கியது.

ஆயினும் ஒரு குறை நிற்கின்றது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அவ்வாறிருக்க, ஆபத்து நேரும் வேளையில் தோன்றும் எச்சரிக்கை ஆங்கிலத்தில் வந்தால், கொழுந்து பறிக்கும் தாய் அதனை எவ்வாறு அறிவாள்? புரியாத எச்சரிக்கை எச்சரிக்கையாகுமா? அரச திணைக்களங்களும் வங்கிகளும் ஒவ்வோர் அறிவித்தலையும் தமிழிலும் தரவேண்டும். இது சலுகை அன்று, உரிமை.

நமக்கும் கடமை உண்டு. குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொடாதீர்; வங்கியின் முகவரியை நீங்களே எழுதித் திறவுங்கள். ஒருமுறைக் குறியெண்ணை எவர் கேட்டாலும் சொல்லாதீர். ஏமாற்றப்பட்டால் வெட்கி மறைக்காது, அக்கணமே வங்கிக்கும் பொலிசுக்கும் அறிவியுங்கள். படித்த இளைஞர்களே, ஒவ்வொரு லயத்திலும் மாலையில் ஒரு மணி நேரம் அமர்ந்து இவற்றைக் கற்பியுங்கள். அன்று காகிதமின்றி உரிமை இழந்தோம். இன்று அறியாமையால் ஊதியத்தை இழக்கலாகாது.