மருந்துக்கு அடங்காத கிருமிகள்

(குச்சனூர் ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வரவு செலவு வாசிக்கும் கூட்டத்தில் மருந்தைப் பற்றிப் பேச இடம் தந்தமைக்கு நன்றி. நம் வீட்டு அலமாரிகளைத் திறந்தால் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்றாவது இருக்கும். சென்ற முறை மகனுக்குக் கொடுத்தது, இம்முறை மருமகளுக்கும் ஆகும் என்று எடுத்து வைத்தது. அந்த அட்டையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

"இந்த மருந்து என் உடம்புக்குப் பழகிவிட்டது, இனிக் கேட்காது" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பழகுவது உடம்பு அன்று, கிருமி. கோடிக்கணக்கான கிருமிகளில் ஒன்றிரண்டு இயல்பிலேயே மருந்தைத் தாங்கும் தன்மை பெற்றிருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்றபின், இடம் காலியான இடத்தில் தாங்கிய அவை பெருகும். அதனினும் கொடியது, அந்தத் தன்மையைத் தன் இனத்தைச் சேராத வேறு கிருமிக்கும் கைமாற்றிக் கொடுக்க அவற்றால் இயலும். பென்சிலினை 1928-இல் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, குறைந்த அளவில் மருந்தை உட்கொள்வது கிருமிக்குப் பயிற்சி கொடுப்பதாகும் என்று எச்சரித்துவிட்டார்.

இது எங்கோ நடக்கும் செய்தி அன்று. 2008-இல், டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய சுவீடன் நாட்டு நோயாளி ஒருவரிடம், கார்பபெனெம் என்னும் உயர்தர மருந்துகளையே சிதைக்கும் நொதி ஒன்று கண்டறியப்பட்டது. என்.டி.எம்.-1 என்று அதற்குப் பெயரிட்டனர், 'என்.டி.' என்பது நியூடெல்லியைக் குறிக்கும். 2010-இல் வெளிவந்த விரிவான ஆய்வில் சென்னை நோயாளிகளிடமும் அது இருப்பது தெரிந்தது. அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. நம் தலைநகரின் பெயரை எப்படிச் சூட்டலாம் என்று நாட்டில் பெரும் கூச்சல் எழுந்தது. அந்தக் கோபத்தில் பாதியையேனும் கிருமியின் மீது காட்டியிருக்கலாம் என்பது என் கருத்து.

நல்லதும் சென்னையிலிருந்தே தொடங்கியது. 2012 ஆகஸ்டில் மருத்துவச் சங்கங்கள் பல அங்கே கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. ஒருங்கிணைத்தவர் டாக்டர் அப்துல் கபூர். சீட்டின்றி மருந்து விற்பதை ஒரே நாளில் முற்றாகத் தடுக்கச் சொல்லாமல், உயர்தர மருந்துகளில் தொடங்கிப் படிப்படியாகக் கட்டுப்படுத்தச் சொன்னார்கள். மருத்துவரே இல்லாத சிற்றூரில் முழுத்தடை விதித்தால், நிமோனியா வந்த குழந்தைக்கு மருந்து கிடைக்காமல் போய்விடும் அல்லவா? அதை எண்ணிப் பார்த்தவர்களின் யோசனை அது. 2014 மார்ச் 1 முதல் 46 மருந்துகள் 'எச்-1' பட்டியலில் வந்தன. அவற்றை விற்கும் கடைக்காரர் நோயாளியின் பெயர், மருத்துவரின் பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். நாம் அன்றாடம் கேட்டு வாங்கும் அமாக்ஸிசிலின் அந்த 46-இல் இல்லை. ஆனால் அதற்கும் சீட்டு வேண்டும் என்பதே சட்டம். கடைக்காரர் சீட்டுக் கேட்டால் தயவுசெய்து அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

இனி ஆடு, மாடு, கோழி. கொலிஸ்டின் என்றொரு பழைய மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று மருத்துவர்கள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். வேறு எதற்கும் அடங்காத கிருமிகள் வந்தபின், தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைசிப் புகலாக அதையே தேடி எடுத்தார்கள். அதே மருந்தைக் கோழிகள் விரைவில் எடை கூடுவதற்காகத் தீவனத்தில் கலக்கும் வழக்கமும் இருந்தது. நோயற்ற கோழிக்கு, நாள்தோறும், சிறு அளவில்! ஃபிளெமிங் எதை அஞ்சினாரோ அது இதுவே. 2015-இல் சீனாவில் பன்றிகளிடமும், கடை இறைச்சியிலும், நோயாளிகளிடமும் கொலிஸ்டினுக்கு அடங்காத மரபணு கண்டறியப்பட்டது. இந்திய அரசு 2019 ஜூலையில் உணவுக்கான கால்நடைகள், கோழிகள், மீன் வளர்ப்பு, தீவனம் ஆகியவற்றுக்குக் கொலிஸ்டினைத் தயாரிக்கவும் விற்கவும் தடை விதித்தது. 2019-இல் வந்த அந்தத் தடை அந்த ஒரு மருந்துக்குத்தான் விதிக்கப்பட்டது. பண்ணைக்குள் போகும் மற்ற மருந்துகளை யார் எண்ணிப் பார்ப்பது?

அந்த மரபணுக்கள் பண்ணையோடு நின்றுவிடுவதில்லை. எரு வழியாக வயலுக்கும், கழிவுநீர் வழியாக வாய்க்காலுக்கும், பச்சை இறைச்சி வழியாக அடுப்படிக்கும் வரும். நன்கு வேகவைத்தால் கிருமி சாகும். ஆனால் கோழி நறுக்கிய அதே பலகையில், அதே கத்தியால், வெங்காயமும் தக்காளியும் நறுக்கினால் வேகவைத்ததன் பயன் என்ன? தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிரியாணிச் சட்டிக்கு முன் நிற்கும் ஆண்களும்தான்.

ஆடு வளர்ப்போருக்கு ஒரு வார்த்தை. ஊசி போட்ட பிராணியின் பாலையும் இறைச்சியையும் இத்தனை நாள் வரை பயன்படுத்தலாகாது என்று மருந்துக்கு மருந்து ஒரு காலக்கெடு உண்டு. பக்ரீத் நெருங்கும்போது ஆடு விற்பவரிடம் பல்லைப் பார்க்கிறோம், கொம்பைப் பார்க்கிறோம், எடையைப் பேரம் பேசுகிறோம். கடைசியாக ஊசி போட்டது எப்போது, என்ன மருந்து என்று கேட்பவர் எத்தனை பேர்?

சளி, சாதாரணக் காய்ச்சல், சிக்குன்குனியா ஆகியவை வைரஸால் வருபவை. இவற்றுக்கு நான் சொன்ன மருந்துகள் எதுவும் பயன்படா. "நல்ல பவரான மாத்திரையாகக் கொடுங்கள்" என்று மருத்துவரை நாம் வற்புறுத்துவதால் காய்ச்சல் ஒரு நாள் கூட முன்னதாக இறங்காது. காசநோய்க்கோ நேர்மாறு: இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிட்டது என்று மருந்தை விட்டவரிடம்தான் அடங்காத காசநோய் உருவாகிறது. ஆறு மாதம் என்றால் ஆறு மாதம். அரசு மருத்துவமனையில் அந்த மருந்து இலவசமாகவே கிடைக்கிறது.

அலமாரியில் இருக்கும் பாதி அட்டையை என்ன செய்வது என்று கூட்டத்திற்கு முன் ஒரு பெரியவர் கேட்டார். பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க வேண்டாம், ஆட்டுக்கும் கரைத்து ஊற்ற வேண்டாம், வாய்க்காலிலும் வீச வேண்டாம். வாங்கிய கடையிலோ மருத்துவமனையிலோ திரும்பப் பெற்றுக்கொள்வார்களா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.