குட்டிக்குக் கழிச்சல் என்றால் கவனம்



வீரகேரளம்புதூர், சுரண்டை வட்டாரத்தில் தோட்டக் காவலுக்கென்று நாய்க்குட்டி வாங்குகிறவர்கள் உண்டு. பக்கத்து ராஜபாளையமோ ஒரு நாயினத்துக்கே பேர் கொடுத்த ஊர். நாய் என்றதும் வெறிநாய்க்கடிக்குப் பயப்படுகிறோம். அது நியாயமான பயம். ஆனால் கடிக்காத நாயிடமிருந்தும் நமக்கு நோய் வரும்.

பல நாய்களை ஓரிடத்தில் அடைத்து வளர்க்கும் பண்ணையில், ஒன்றின் கழிச்சல் இன்னொன்றின் தீவனத் தட்டுக்குப் போக நேரம் ஆகாது. கேம்பிலோபாக்டர், சால்மொனெல்லா என்ற பாக்டீரியாக்கள் அப்படித்தான் பரவுகின்றன. இவற்றைக் குடலில் சுமக்கும் குட்டி துள்ளி விளையாடிக்கொண்டும் இருக்கலாம். அதைக் கொஞ்சிய குழந்தை கை கழுவாமல் முறுக்கைத் தின்றால் போதும். கேம்பிலோபாக்டர் என்றால், பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து நாளில் காய்ச்சல், வயிற்றுவலி, பேதி, சில சமயம் ரத்தபேதி. அரிதாக, பிறகு கைகால் தளர்ந்துபோகும் நரம்பு நோயும் வருவதுண்டு.

அமெரிக்காவில் 2016 முதல் 2018 தொடக்கம் வரை, கடைகளில் விற்ற நாய்க்குட்டிகளால் 18 மாநிலங்களில் 118 பேருக்குக் கேம்பிலோபாக்டர் தொற்றியது. அவர்களில் 29 பேர் கடை ஊழியர்கள். விசாரித்த 149 குட்டிகளில் 142 குட்டிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு நோயே இல்லை. முன்னெச்சரிக்கை என்று கொடுத்தது! விளைவு, மனிதர்களுக்குக் கொடுக்கும் வழக்கமான மருந்துகளுக்கு அந்தக் கிருமி மசியவில்லை.

ஆகவே, குட்டிக்குக் கழிச்சல் என்றால் மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். பார்வோ வைரஸாகவும் இருக்கலாம். வைரஸை ஆன்டிபயாடிக் கொல்லாது. கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நோய்ப்பட்ட குட்டியைத் தனியே கட்டுங்கள். பண்ணை வைத்திருப்பவர்கள் கூண்டில் எடுத்த எடுப்பில் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம். அழுக்கு பக்கத்துக் கூண்டுக்குத் தெறிக்கும். முதலில் மலத்தை அள்ளுங்கள், சோப்புப் போட்டுத் தேயுங்கள், பிறகு பிளீச்சிங் பவுடர் கரைசல். அழுக்கின் மேல் ஊற்றினால் பிளீச்சிங் பவுடருக்கு வேகம் இருக்காது. தரை நன்றாகக் காயட்டும். கேம்பிலோபாக்டர் காய்ந்த தரையைத் தாங்காத கிருமி. பச்சைக் கோழிக் கழிவை நாய்க்குப் போடாதீர்கள், வேகவைத்துப் போடுங்கள்.

வீட்டில் யாருக்காவது பேதி கண்டால், உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்து டாக்டரிடம் அழைத்துப் போங்கள். “வீட்டில் நாய்க்குட்டி இருக்கிறது” என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். நாயைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பாட்டில் கை வைக்க வேண்டும். இதைக் குழந்தைகளுக்கு இன்றே பழக்குங்கள்.